வரிசையில் ஒருத்தி கூடுதல்

புதுப் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு தங்கராஜு லாரியில் வந்து இறங்கிய சாயங்காலம் மழை அப்போதுதான் விட்டிருந்தது. ரந்தாவிலிருந்து லிங்கிக்குப் போகிற சாலையில் இறங்கி, செம்மண் சேற்றில் பெட்டியையும் பாயையும் தூக்கிக்கொண்டு இருவரும் கருங்காட்டுத் தோட்டத்தின் கேட்டுக்கு நடந்து வந்தார்கள். பால்மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. புகைக்கொட்டகைப் பக்கமிருந்து ரப்பரின் புளித்த வாடை வந்தது. அந்தப் பெண் முள்கம்பி வேலியைப் பார்த்தாள், மூலையில் நின்ற காவல் கோபுரத்தைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக்கூடாது என்று சர்க்கார் சிதறிக் கிடந்த கூலிக்குடியிருப்பு லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் வேலி போட்டுவிட்டது. உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே கேட். சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டினால், விடியற்காலை பால்வெட்டுக்கு ஆள் கிளம்பும்போதுதான் திறக்கும். இடையில் வேலிப் பக்கம் நிழல் அசைந்தால் சுடுவார்கள். எல்லாம் சனங்களின் பாதுகாப்புக்குத்தான் என்று துரை சொன்னார். வெளியே இருக்கும் ஆபத்துக்கு அது சரி. உள்ளே இருப்பதற்கு யாரும் வேலி போடவில்லை.

அந்தக் கேட்டின் சாவி தங்கராஜுவிடம் இருந்தது. அவன்தான் கேட்டைக் காக்கிற ஜாகா.

கேட்டுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு சின்னச் சாய்ப்பு. அதில் தாயம்மா உட்கார்ந்திருப்பாள். வேலைக்குக் கிளம்பும் பெண்களை ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து, அரிசி, சீனி, கருவாடு எதுவும் மறைத்து எடுத்துப் போகவில்லை என்று சொல்லி அனுப்புவது அவள் வேலை. ஆண்களை மறுபக்கம் ஹாசான் என்ற மலாய்க் காவலர் துப்பாக்கியோடு நின்று சோதிப்பார். புருஷன் செத்த பிறகு பால்வெட்டில் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த தாயம்மாவுக்கு அந்த வேலை கிடைத்தது அதிர்ஷ்டம் என்று ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி சொன்னார். நல்ல அதிர்ஷ்டம். அன்றிலிருந்து லயத்தில் ஒருத்தியும் அவளைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டதில்லை. "தடவுறவ வர்றா, பேச்ச நிறுத்து" என்பார்கள்.

தாயம்மா கண்ணை மூடிக்கொண்டுதான் சோதிப்பாள். விடியற்காலை இருட்டில், புகைபிடித்த ஒற்றை மண்ணெண்ணெய் விளக்கில், கண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கைகளுக்கு எல்லாம் தெரிந்தது. எந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அவள் புருஷனுக்கு முன்னால் தாயம்மாவின் கைக்குத் தெரியும். யாருக்கு இடுப்பில் கட்டி, யாருக்கு முதுகில் பிரம்படி, எல்லாம் தெரியும். கைக்குத் தெரிந்தது வாய்க்கு வரக்கூடாது என்று அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். இல்லாவிட்டால் எப்படித் தினமும் அதே பெண்கள் முகத்தில் விழிப்பது?

நீலாவதி முகத்திலும் அப்படித்தான் விழித்தாள்.

நீலாவதி தங்கராஜுவின் முதல் பெண்டாட்டி. அவளுடைய இடது கழுத்தெலும்பு எப்போதோ முறிந்து கோணலாக ஒட்டிக்கொண்டிருந்தது. தடவினால் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முண்டு தட்டும். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் அவளைக் காணோம். வேலியில் ஒரு கம்பி வெட்டப்பட்டிருந்தது. தங்கராஜுவே மாரில் அடித்துக்கொண்டு அழுதபடி ரந்தாவ் போலீஸ் பாலாய்க்குப் போய், என் பெண்டாட்டி காட்டுக்காரர்களோடு போய்விட்டாள் என்று எழுதிக் கொடுத்தான். அதற்குத் தண்டனையாகத் தோட்டம் முழுவதையும் வீட்டுக்குள் அடைத்து, ரேஷன் அரிசியையும் குறைத்தார்கள். பிள்ளைகள் பசியில் கத்தின. ஆகவே நீலாவதிக்காக ஒருவரும் அழவில்லை. எல்லாரும் சபித்தார்கள். தேடுகிற பேச்சே எழவில்லை.

இப்போது அவன் இரண்டாவதாக ஒருத்தியைக் கூட்டி வந்திருக்கிறான்.

"எந்த ஊரும்மா?" என்று தாயம்மா கேட்டாள்.

"ரெம்பாவ் பக்கங்க்கா. எங்க அண்ணன் முருகையா அங்கதான் தோட்டத்துல வேல செய்யிறாரு. எம்பேரு பஞ்சாலை."

உள்ளே வருகிறவர்களைச் சோதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பழக்க தோஷத்தில் தாயம்மா அவள் தோளில் கைவைத்தாள். மஞ்சள் வாசனை. புதுத் தாலிக்கயிறு. எந்தக் கோணலும் இல்லாத எலும்பு.

"உள்ள போ தாயி" என்றாள்.

மறுநாள் விடியற்காலை பனி இறங்கியிருந்தது. பெண்கள் வாளியும் கத்தியுமாக வரிசையில் நின்றார்கள். மூன்றடி தள்ளி இருப்பவள் முகம்கூடத் தெரியவில்லை. தாயம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருத்தியாகத் தடவி "போ, போ" என்று அனுப்பிக்கொண்டிருந்தாள். பஞ்சாலை வந்தாள். உடம்பு சூடாக இருந்தது. போனாள்.

அடுத்து வந்தவளின் துணி ஈரமாக இருந்தது. பனியில் நனைந்த ஈரம் இல்லை. பிழியாமல் கட்டிக்கொண்டு வந்தது போன்ற ஈரம். தோளிலிருந்து புஜத்துக்குக் கை இறங்கியது. புஜத்தில் ஐந்து விரல்கள் அழுத்திப் பிடித்த வீக்கம் இருந்தது. தோல் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது.

பாசி வாடை அடித்தது.

தாயம்மாவின் கை பழக்கத்தில் மேலே ஏறியது. இடது கழுத்தெலும்பு.

முண்டு தட்டியது.

அவள் அப்படியே நின்றாள். விரலுக்கடியில் மார்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்த உடம்பு மூச்சு விடவில்லை.

கண்ணைத் திறந்தாள்.

எதிரில் யாரும் இல்லை. அவள் கை வெறும் பனியில் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்பால், வேலை மேய்க்கும் மண்டோர் நல்லசாமியின் பெண்டாட்டி மாரியம்மா, வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாள். தோட்டத்திலேயே வாய் ஓயாமல் கேலி பேசுகிறவள் அவள்.

"என்னக்கா, காத்தையா தடவுற? காத்து என்னத்த ஒளிச்சு வச்சிருக்கும்?" என்றாள் மாரியம்மா. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

தாயம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

தூக்கக் கலக்கம் என்று அன்று முழுவதும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலையில் பஞ்சாலையின் புஜத்தில் கை வைத்தபோதுதான் அது கலக்கம் இல்லை என்று தெரிந்தது. நேற்று வழுவழுவென்று இருந்த புஜத்தில் ஐந்து விரல் வீக்கம். அதே இடம். அதே அளவு.

"என்னம்மா இது?"

"வாளி இடிச்சிருச்சுக்கா."

வாளிக்கு விரல் இருக்கிறதா என்று தாயம்மா கேட்கவில்லை. "போ" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் குளிர்ந்த உடம்பு வரிசையில் பஞ்சாலைக்கு முன்னால் வரத் தொடங்கியது. எல்லா நாளும் வராது. வந்தால், அதன்மேல் புதிதாக ஒரு காயம் இருக்கும். முதுகில் பெல்ட் வார் விழுந்த தடிப்பு. மறுநாள் பஞ்சாலையின் முதுகில் அதே தடிப்பு, அதே சாய்வில். தொடையில் கொள்ளிக்கட்டை சுட்ட கொப்புளம். மறுநாள் பஞ்சாலை நொண்டிக்கொண்டு வந்தாள். விலாவில் கை பட்டதும் உள்ளே ஏதோ நகர்ந்தது. மறுநாள் பஞ்சாலையின் விலாவைத் தொட்டதும் அவள் "அம்மா" என்று மூச்சுக்குள் சொன்னாள்.

நீலாவதிக்கும் அந்தக் காயங்கள் இதே முறையில்தான் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. தாயம்மாவின் கைகள் எதையும் மறக்கவில்லை. அவள் அப்போது ஒவ்வொரு நாளும் "போ" என்றாள். நீலாவதி ஒவ்வொரு நாளும் போனாள்.

தாயம்மா வேப்பிலை கட்டிப் பார்த்தாள். மாரியம்மன் கோயில் விபூதியைச் சாய்ப்பின் நான்கு மூலையிலும் போட்டுப் பார்த்தாள். விபூதி ஈரத்தில் கரைந்து ஒழுகியது. செத்தவள் யாரைப் பயமுறுத்த வருகிறாள் என்று யோசித்து யோசித்து, கடைசியில் அவளுக்கு ஒன்று புரிந்தது. நீலாவதி தன்னைச் சோதிக்கச் சொல்லித்தான் வருகிறாள். நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தாயம்மாவுக்குத் தெரியவில்லை.

முதலில் மண்டோர் நல்லசாமியிடம் போனாள்.

"அண்ணே, அந்த ஜாகா வீட்டுப் பொண்ணு ரொம்ப அடி வாங்குது. துரைகிட்ட சொல்லி..."

நல்லசாமி பீடியைக் கீழே போட்டு மிதித்தான். "புருஷன் பொண்டாட்டி விஷயம்லா. நாம என்ன செய்ய முடியும்? நாளைக்கே ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவாங்க, நீ பொல்லாதவ ஆயிடுவ. போ, போய் உன் வேலயப் பாரு."

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கொஞ்சம் நல்லவர். தொடைப் புண்ணுக்கு மருந்து கொடுத்தார். கேட்டு ஜாகாவோடு பகை வைத்துக்கொள்ள முடியாதம்மா, என் வீட்டு அரிசியும் அந்தக் கேட் வழியாகத்தான் வருகிறது என்றார்.

ஒரு நாள் மதியம், வேலை முடிந்து எல்லாரும் ரேஷன் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, தாயம்மா தங்கராஜுவின் லயத்துக்குப் போனாள். கடைசி வீடு. அதன் பின்னால் ஒரு பழைய கிணறு. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு அதைப் பலகை போட்டு மூடி, மேலே கல் தூக்கி வைத்திருந்தார்கள். வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த வீட்டு வாசலில் ஈரக் கால்தடங்கள் இருந்தன. கிணற்றுப் பக்கமிருந்து வந்து வாசற்படி ஏறியிருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

பஞ்சாலை உள்ளே சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தாள்.

"யாராவது வந்தாங்களா?"

"இல்லியேக்கா. ஆனா யாரோ எம் பக்கத்துலயே உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. அது இருந்தாத்தான் எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கு." சொல்லிவிட்டு அவளே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாயம்மா அவள் அருகில் உட்கார்ந்தாள். தன் சட்டத்தை முதல்முறையாக மீறினாள். "எல்லாம் எனக்குத் தெரியும்மா. என் கைக்குத் தெரியாததா? வாளி, படி, கட்டில்னு எங்கிட்ட சொல்லாத. நீ வெட்டுக்காட்டுக்குப் போறப்ப அப்படியே ரோட்டுக்குப் போயி பஸ் ஏறி, உங்க அண்ணன்கிட்ட போயிடேன்."

"எப்பிடிக்கா போவேன்? என் அடையாள கார்டு ஐசிய அவரு வாங்கி வச்சிருக்காரு. ஐசி இல்லாம காட்டுல நடந்தா சோல்ஜருங்க கேக்காமயே சுட்டுருவாங்க. அண்ணனுக்குச் சொல்லி அனுப்பலாம்னா, கேட்டத் தாண்டிப் போற ஆளு எல்லாரையும் அவருதான் பாக்குறாரு." அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "நேத்து சொன்னாரு. ஓடிப் பாரு, வேலியில ஒரு கம்பிய வெட்டி விட்டா போதும், இவளும் காட்டுக்குப் போயிட்டான்னு நானே அழுதுக்கிட்டு பாலாய்க்குப் போவேன், முன்ன ஒருத்தி போனப்ப யாரு தேடுனாங்கன்னு சிரிக்கிறாருக்கா."

தாயம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

பின்பக்கம், மூடிய கிணற்றுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது.

"அக்கா, என்னய எப்படியாச்சும் வெளிய கொண்டு போயிடுங்க. செத்தாலும் பரவால்ல. இங்க வேண்டாம்." பஞ்சாலை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை விடுவிக்கத் தாயம்மாவுக்கு வெகுநேரம் ஆயிற்று. பிறகு எழுந்து வந்தாள். கேட்டைக் கடந்தபோது தங்கராஜு சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு அவளையே பார்த்தான்.

"என்னா, சோதனைக்காரி? வீடு வீடாவும் சோதன போட ஆரம்பிச்சிட்டியா?"

மறுநாள் விடியற்காலை மழை தூறியது. விளக்கு இரண்டு முறை அணைந்தது. இரண்டு முறையும் தாயம்மா ஏற்றினாள். மூன்றாம் முறை அணைந்தபோது ஏற்றவில்லை.

வரிசை நகர்ந்தது.

பாசி வாடை வந்தது.

குளிர்ந்த உடம்பு வந்து அவள் முன்னால் நின்றது. தாயம்மாவின் கைகள் புஜத்துக்குப் போயின. முதுகுக்குப் போயின. விலாவுக்குப் போயின. புதிதாக எதுவும் இல்லை. ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்போது அந்த உடம்பு அவளுடைய கையைப் பிடித்தது.

பிடித்து, மேலே கொண்டுபோய், தன் கழுத்தில் வைத்தது.

கழுத்தைச் சுற்றிலும் ஒரு பள்ளம். கயிறு போன அளவுக்குப் பள்ளம். அதற்கு மேலே தலை, வெறுமனே வைத்தது போல, ஒரு பக்கம் சாய்ந்தது.

தாயம்மாவின் கையில் வந்து சாய்ந்தது.

நாளைக்கு. நாளைக் காலையில் இந்த வரிசையில் பஞ்சாலை வரமாட்டாள். வேலியில் ஒரு கம்பி வெட்டியிருக்கும். தங்கராஜு மாரில் அடித்துக்கொண்டு அழுவான். தோட்டத்துக்கு அரிசியைக் குறைப்பார்கள். எல்லாரும் பஞ்சாலையைச் சபிப்பார்கள்.

குளிர் விலகியது. எதிரில் சூடான உடம்பு ஒன்று வந்து நின்றது.

"நாந்தாங்க்கா" என்றாள் பஞ்சாலை.

'போ' என்ற சொல் தாயம்மாவின் வாய் வரைக்கும் வந்தது. வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய சொல். அவள் பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள். இந்தக் கேட்டில் தங்கராஜுவால் தடுக்க முடியாத ஆள் ஒரே ஒரு வகைதான். அரிசி கடத்திப் பிடிபட்டவர்கள். அவர்களை அடுத்த ஜீப்பிலேயே பாலாய்க்கு ஏற்றிவிடுவார்கள். புருஷன் இல்லை, துரையே வந்தாலும் குறுக்கே நிற்க முடியாது. ஆனால் ஒரு பிடி அரிசிக்கு வருஷக்கணக்கில் உள்ளே போட்டுவிடுவார்கள். அப்படியே பிடித்துக் கொடுக்கலாம் என்றாலும், அவள் மடியில் வைக்க ஒரு மணி அரிசிகூட இல்லை.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவள் கை பஞ்சாலையின் இடுப்பு மடிப்புக்குள் போயிற்று.

ஈரமாக ஒரு முடிச்சு தட்டுப்பட்டது.

இழுத்தாள். பழைய சேலைக் கிழிசலில் கட்டிய முடிச்சு. உள்ளே நறநறவென்று அரிசி. தண்ணீர் சொட்டியது.

"அக்கா, நான் வைக்கலக்கா! சத்தியமா நான் வைக்கல!" பஞ்சாலை கிசுகிசுத்தாள்.

"தெரியும். யாரு வச்சான்னும் தெரியும்" என்றாள் தாயம்மா. பிறகு கண்ணைத் திறந்து, வேலிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி தமிழிலும் மலாயிலும் கத்தினாள். "அரிசி! ஹாசான், இங்க அரிசி இருக்கு! பிராஸ்! பிராஸ்!"

வரிசை சிதறியது. ஹாசான் டார்ச்சோடு ஓடி வந்து முடிச்சைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று ஒரு பிடி அரிசி. மாரியம்மா வாயில் கைவைத்துக்கொண்டாள். தங்கராஜு பாய்ந்து வந்து பஞ்சாலையின் முடியைப் பிடித்தான்.

"பொய்! இவ எம் பொண்டாட்டி! நான் பாத்துக்கிறேன், வுடு!"

ஹாசான் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினார். மலாயில் ஒரே வார்த்தைதான் சொன்னார். தங்கராஜுவின் கை முடியிலிருந்து இறங்கியது.

ஜீப் வந்தது. பிடித்துக் கொடுத்தவளும், முடிச்சைப் பிரித்த ஹாசானும் சாட்சிக்குப் போக வேண்டும். ஜீப்பின் பின்புறத்தில் எதிரே உட்கார்ந்து பஞ்சாலை விலங்கு மாட்டிய கையோடு தாயம்மாவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தப் பார்வையைத் தாங்குவதைவிடச் செத்துப்போகலாம்போல இருந்தது. ரந்தாவ் நெருங்கும்போது தாயம்மா குனிந்து அவள் காதில் பேசினாள்.

"நல்லா கேட்டுக்க. அங்க போனதும் வாய மூடிக்கிட்டு நிக்காத. யாரு அடிச்சா, எதால அடிச்சா, எல்லாத்தயும் சொல்லு. முதுகக் காட்டு, தொடையக் காட்டு. டாக்டர் வேணும்னு கேளு. அண்ணன் பேரையும் தோட்டத்துப் பேரையும் சொல்லு. எத்தன தடவ கேட்டாலும் வீட்டுக்குப் போறேன்னு மட்டும் சொல்லிடாத. வெக்கப்படாத தாயி. வெக்கப்பட வேண்டியது நீயில்ல."

"நீங்களும் சொல்வீங்களாக்கா?"

"சொல்றேன். என் கை பாத்ததெல்லாம் சொல்றேன்."

பாலாயில் பெண் போலீஸ் கிடையாது. பின்னால் குடியிருப்பில் இருந்த போலீஸ் மாத்தா ஒருவரின் மனைவியைக் கூப்பிட்டு வந்து பஞ்சாலையோடு ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அந்த மலாய்க்காரப் பெண் உள்ளே போனவள், கொஞ்ச நேரத்தில் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். இன்ஸ்பெக்டரிடம் அழுதுகொண்டே என்னவோ சொன்னாள். உடனே சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி சொன்னார்கள். ரெம்பாவுக்கும் ஆள் போயிற்று.

பிறகுதான் அரிசி முடிச்சை மேசைமேல் வைத்து அவிழ்த்தார்கள்.

உள்ளே அரிசி இல்லை.

பச்சைப் பாசியும் கொஞ்சம் கருப்புத் தண்ணீரும் இருந்தன. தண்ணீர் மேசையில் பரவி ஓடியது. நடுவில் ஒரு வெள்ளி மெட்டி கிடந்தது.

"கண்ணால பாத்தேன், டுவான்" என்று ஹாசான் இன்ஸ்பெக்டரிடம் மறுபடி மறுபடி சொன்னார். அவருடைய உதடு வெளுத்துப்போயிருந்தது.

தாயம்மா மெட்டியை எடுத்துத் தடவிப் பார்த்தாள். தொளதொளவென்று இருக்கிறதென்று உள்பக்கம் நூல் சுற்றியிருந்தது. கால்விரல் வரைக்கும் தடவுகிறவளுக்கு அது யாருடைய மெட்டி என்று தெரியாதா?

"ஐயா" என்றாள் அவள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நீலாவதி காட்டுக்குப் போகல. கிணத்துல இருக்கா."

மதியம் இரண்டு ஜீப் தோட்டத்துக்கு வந்தது. அவை உள்ளே நுழைந்ததும் வழக்கம்போலக் கேட்டைச் சாத்திய தங்கராஜு, கடைசி லயத்தின் பக்கம் அவை திரும்பியதைப் பார்த்ததும் வெளியே ஓடுவதற்காகச் சாவியைப் போட்டுத் திருப்பியதாகச் சொன்னார்கள். அவன் திருப்பிக்கொண்டே இருந்தான். பூட்டு திறக்கவில்லை. கிணற்றுப் பலகையைத் தூக்கி, உள்ளே இருந்ததைத் தூக்கி, பெண்கள் எல்லாரும் கதறி முடித்து, போலீஸார் அவனிடம் வந்து சேரும்வரைக்கும் அவன் சாவியைத் திருப்பிக்கொண்டு நின்றான். முழங்கை வரைக்கும் நனைந்திருந்தான். பூட்டிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஹாசான் கேட்டை ஒரு விரலால் தள்ளினார். அது பூட்டியிருக்கவே இல்லை.

சிரம்பானில் பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பக் கிடைத்த நீலாவதியைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். வாய்க்கரிசி போட வேண்டும். ரேஷன் காலத்தில் ஒரு பிடி அரிசி என்பது பிள்ளையின் ஒரு வேளைச் சோறு. ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் முந்தானையில் கொஞ்சம் முடிந்துகொண்டு வந்தார்கள். இடுகாடு வேலிக்கு வெளியே இருந்தது. கேட்டில் தாயம்மா நின்றாள். அன்றைக்கு அவள் ஒருத்தியையும் சோதிக்கவில்லை. ஹாசான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். சபித்த வாயெல்லாம் அழுதது. அழட்டும் என்று தாயம்மா நினைத்தாள், அவள் உயிரோடு இருந்தபோது இதில் பாதி அழுதிருந்தால் போதுமே என்றும் நினைத்தாள்.

பஞ்சாலைக்கு விலா இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. அரிசி இல்லாததால் வழக்கும் இல்லை. அண்ணன் முருகையா ஆஸ்பத்திரிக்கு வந்து, தங்கையைப் பார்த்து, அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அழுதானாம். நல்ல இடம் என்று நம்பிக் கட்டிக் கொடுத்தவன் அவன்தானே. பிறகு ரெம்பாவுக்கு அழைத்துப் போய்விட்டான்.

அதன் பிறகு வரிசையில் எல்லாரும் சூடாகத்தான் வந்தார்கள். தாயம்மா ஒவ்வொரு விடியற்காலையும் பயந்துகொண்டே கையை நீட்டினாள். சூடு, வியர்வை, ரப்பர்ப் பால் வாடை. பாசி இல்லை. லயத்தில் இரண்டு பெண்கள் அவளைக் கோப்பி குடிக்கக்கூடக் கூப்பிட்டார்கள். போனவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நம்பினாள். நன்றாகத் தூங்கினாள்.

பொங்கல் கழிந்து ஒரு விடியற்காலை. நல்ல பனி.

தாயம்மா கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

ஈரத் துணி.

கை மேலே போயிற்று. கழுத்தெலும்பில் முண்டு தட்டியது. கழுத்தில் பள்ளம் இல்லை. விலா நேராக இருந்தது. தொடையில் கொப்புளம் இல்லை. எல்லாம் ஆறிப்போன உடம்பு. கை மெல்லப் புஜத்துக்கு இறங்கியது.

ஐந்து விரல் வீக்கம். புதிது.

கண்ணைத் திறந்தாள். எதிரில் ஒருவரும் இல்லை. பனிக்கு அந்தப் பக்கம், தன் முறைக்காக, மாரியம்மா நின்றிருந்தாள். மண்டோர் நல்லசாமியின் பெண்டாட்டி. தோட்டத்திலேயே வாய் ஓயாதவள்.

காற்றைத் தடவிக்கொண்டு நின்ற தாயம்மாவை அவள் பார்த்தாள். இன்றைக்கு அவள் கேலி பேசவில்லை. வாளியைக் கையிலிருந்து கைக்கு மாற்றினாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

நனைந்த உள்ளங்கையோடு தாயம்மா சாய்ப்பிலிருந்து இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்தாள்.

"மாரி, இன்னிக்கு வேல முடிஞ்சதும் நீ வீட்டுக்குப் போகாத. எங்கூட வா."